காட்டோரம் ஒரு மலைச் சைக்கிள் தட மையம் அமைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மலைச் சைக்கிள் ஓட்டும் நம் தமிழ் நண்பர்கள் நாலு பேர் கூடினால், யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுத்துவிடுவார்: "உபின் தீவுல தடத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடலாமே", "கிராஞ்சிப் பக்கம் அவ்வளவு நிலம் சும்மாதானே கிடக்கு". இயற்கை ஆர்வலர்களோ "சைக்கிளே வேண்டாம்" என்பார்கள். இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சைக்கிள் ஓட்டுபவன். அந்தச் சாய்வு பதில்களில் தெரியும்.

தட மையம் என்றால் என்ன? பூங்காவுக்குள் ஒரு பாதை போதாதா?

இந்த ஏற்பாடு பிரிட்டனில் 1990களில் வளர்ந்தது. வேல்ஸில் உள்ள கோயிட் இ பிரெனின் காட்டை அதன் முன்னோடி என்பார்கள். ஓரிடத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் பல சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் நிறத்தால் கடினத் தரம், தொடங்கும் இடத்தில் வண்டி நிறுத்தம், கழிப்பறை, சைக்கிள் கழுவக் குழாய், பசித்தால் ஏதாவது சாப்பாடு. எல்லாம் சேர்ந்ததுதான் தட மையம்.

சிங்கப்பூரில் இதற்கு நெருங்கி வருபவை இரண்டு. ஒன்று, 2008இல் திறக்கப்பட்ட புலாவ் உபின் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா. பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி 45 ஹெக்டரில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தடம். மற்றது, 81 ஹெக்டர் பரப்புள்ள செஸ்நட் இயற்கைப் பூங்கா. அங்கே சைக்கிளுக்கு 8.2 கிலோமீட்டர், நடப்பவர்களுக்குத் தனியாக 5.6 கிலோமீட்டர். புக்கிட் தீமா மலையைச் சுற்றி ஓடும் சுமார் 6 கிலோமீட்டர் தடம் பழையது, புகழ்பெற்றது. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட வனத்தின் விளிம்பை ஒட்டிய பாதை. அதை மையம் என்று சொல்ல மாட்டேன்.

திட்டமிடும்போது முதலில் எதை வரைய வேண்டும்?

தடம் போகக்கூடாத இடங்களை.

இதைச் சொன்னால் ஓட்டுநர்கள் முகம் சுளிப்பார்கள். எல்லோரும் வரைபடத்தைத் திறந்ததும் அழகான காட்சிமுனை, செங்குத்தான இறக்கம், ஓடையோரம் என்று கோடு போடத் தொடங்குவோம். அந்தக் கோட்டின் மீது காதல் வந்துவிட்டால் பிறகு நகர்த்த மனம் வராது. ஆகவே முதல் தாளில் ஓடைகள், ஊற்றுகள், சதுப்பு, முதிர்ந்த மரங்கள் நிற்கும் இடம், விலங்குகள் கடக்கும் வழி, பழைய சமாதி, ஆலயம், இன்னும் மக்கள் குடியிருக்கும் வீடு, நாற்பது ஐம்பது விழுக்காட்டுச் சரிவு ஆகியவை மட்டும் ஏற வேண்டும். அவற்றைச் சுற்றி இடைவெளி விட்டு அடைத்த பிறகு மிஞ்சும் வெள்ளை இடத்தில்தான் தடத்தைத் தேட வேண்டும். வெள்ளை இடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால், அந்த நிலத்தில் மையம் வேண்டாம் என்பதுதான் பதில். அப்படியொரு பதில் வரக்கூடும் என்று ஒப்புக்கொண்டுதான் திட்டத்தையே தொடங்க வேண்டும்.

சைக்கிள் சக்கரம் காட்டை அவ்வளவு கெடுக்குமா? நடப்பவர் கெடுப்பதில்லையா?

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மொன்டானாவில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வில், நனைத்துவைத்த தடங்களில் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலுமே அதிக மண்ணைப் பெயர்த்தன. இதை நம் ஆட்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள்.

ஆனால் அத்தோடு வாதம் முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. நடப்பவர் ஒரு காலையில் நான்கைந்து கிலோமீட்டர் போனால், சைக்கிளோட்டி அதைப்போல் மூன்று மடங்கு போவார். வளைவுக்கு முன்னால் எல்லோரும் ஒரே இடத்தில் பிரேக் பிடிப்பார்கள். அந்த நாலைந்து மீட்டரில் மண் அலை அலையாகப் புடைக்கும், வேர் வெளியே தெரியும். மழைக்குப் பின் அங்கே குட்டை தேங்கும். குட்டையைத் தவிர்க்க ஒருவர் ஓரமாகச் சுற்றிப் போவார், அடுத்தவர் இன்னும் ஓரமாக. ஆறு மாதத்தில் ஒரு மீட்டர்த் தடம் மூன்று மீட்டர் சேறாகிவிடும். இதில் சக்கரத்தின் குற்றத்தைவிட, அந்த வளைவை அங்கே வைத்தவரின் குற்றம் அதிகம்.

ஒரு மீட்டர் அகலம்தானே கேட்கிறோம்?

செஸ்நட் அளவையே எடுத்துக் கைக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8.2 கிலோமீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் என்றால் 0.82 ஹெக்டர். 81 ஹெக்டரில் ஒரு விழுக்காடு. கேட்க இனிமையாக இருக்கிறது.

இப்போது இன்னொரு கணக்கு. ஆள் நடமாட்டத்துக்கு மிரண்டு ஒரு பறவையோ விலங்கோ முப்பது மீட்டர் விலகிப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடத்தின் இரு பக்கமும் சேர்த்து அறுபது மீட்டர். அதே 8.2 கிலோமீட்டர் நேர்கோடாக ஓடினால் 49 ஹெக்டருக்கு மேல் பாதிப்பு. அதாவது பாதிக்கும் மேல். முப்பது மீட்டர் என்பது நான் வைத்துக்கொண்ட எண்தான். சில உயிரினங்களுக்கு அது ஐந்தாக இருக்கும், சிலவற்றுக்கு நூறாக இருக்கும். ஆனால் எதைக் குறைக்க வேண்டும் என்பது இதிலிருந்து புரியும்: தடத்தின் அகலத்தை அல்ல, அது பரவிக் கிடக்கும் பரப்பை. வளைவுகளை நெருக்கமாக மடித்து நிலத்தின் ஒரு மூலைக்குள் சுருட்டினால், அதே நீளத் தடம் பாதி இடத்தைக்கூடத் தொந்தரவு செய்யாது. மிச்சக் காட்டை நிம்மதியாக விட்டுவிடலாம்.

அப்படியானால் எந்த மாதிரி நிலம் ஏற்றது?

ஏற்கெனவே மனிதன் கைபட்ட நிலம். சிங்கப்பூர்க் காடுகளில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிட உதவும் காம்பியர், மிளகு ஆகியவற்றின் தோட்டங்களாகவும், பிறகு ரப்பர்த் தோட்டங்களாகவும் இருந்து மறுபடி வளர்ந்தவை. நம் முன்னோர் பலர் பால் வெட்டிய நிலம். அங்கே பழைய லாரித் தடங்களும் வடிகால்களும் இன்னும் தெரியும். குவாரி ஓரங்களும் அப்படித்தான். கெத்தாமைக் குவாரியைச் சுற்றி வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட இளங்காடுகளில் அல்பீசியா மரம் நிறைய நிற்கும். வேகமாக வளரும், கிளை மெலிது, புயல் மழையில் முறிந்து விழும். தடத்தை அதன் அடியில் வைத்தால் ஆண்டுக்காண்டு மரத்தைப் பரிசோதிக்கவும் வெட்டவும் வேண்டிவரும்.

வனப்பாதுகாப்புப் பகுதிகளின் உட்பகுதி மட்டும் பேச்சுக்கே இடமில்லை. புக்கிட் தீமா வனம் சுமார் 163 ஹெக்டர்தான். 1986இல் முடிந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை அதை மத்திய நீர்ப்பிடிப்பு வனத்திலிருந்து வெட்டிப் பிரித்தது. அந்த வெட்டைத் தைக்கவே 2013இல் 62 மீட்டர் நீளத்துக்கு விலங்குகளுக்கான மேம்பாலம் கட்டினார்கள். அவ்வளவு செலவில் ஒட்டிய இடத்தை மறுபடியும் துண்டாக்க நாம் கேட்பது சரியாகாது. செஸ்நட் போன்ற இயற்கைப் பூங்காக்கள் இந்த வனங்களைச் சுற்றி அரணாக வைக்கப்பட்டவை. வனத்துக்குள் போயிருக்கக்கூடிய கூட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. நல்ல தட மையமும் அதே வேலையைச் செய்யும். சைக்கிளோட்டிகள் தரப்பிலிருந்து வைக்கக்கூடிய வலுவான வாதம் இதுதான். இதை விட்டுவிட்டு "எங்களுக்கும் உரிமை உண்டு" என்று தொடங்குவதால் எதுவும் நகராது.

இங்கே பெய்யும் மழைக்கு மண் தடம் தாங்குமா?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நீண்ட பதில் தேவை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை, 171 மழை நாள். இரண்டு நாளுக்கு ஒரு நாள் மழை என்று வைத்துக்கொள்ளலாம். நடுத்தீவிலும் உபினிலும் கருங்கல் சிதைந்து உருவான களிமண் கலந்த மண். காய்ந்தால் செங்கல், நனைந்தால் சோப்பு. ஐரோப்பியக் கையேட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே தடம் வாய்க்காலாகிவிடும்.

தடம் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து போக வேண்டும், தடத்தின் வழியே ஓடக்கூடாது. உலகெங்கும் தடம் அமைப்பவர்கள் இதற்குச் சில விதிகள் வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, பாதி விதி. மலைச்சரிவு எவ்வளவோ, தடத்தின் ஏற்றம் அதில் பாதியைத் தாண்டக்கூடாது. சரிவு 16 விழுக்காடு என்றால் தடம் 8க்குள். தாண்டினால் தண்ணீருக்குச் சரிவில் இறங்குவதைவிடத் தடத்தில் ஓடுவது எளிதாகிவிடும். இதில் பலருக்கு வியப்பான விஷயம், கிட்டத்தட்டத் தட்டையான நிலம்தான் மோசமான நிலம் என்பது. சரிவு 4 விழுக்காடு மட்டுமே உள்ள இடத்தில் 3 விழுக்காட்டு ஏற்றம்கூட விதியை மீறியது. காலுக்குத் தெரியாத ஏற்றம், ஆனால் தண்ணீருக்குத் தெரியும். "சமதளமா இருக்கு, ஈஸியா போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, ஒட்டுமொத்தத் தடத்தின் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எங்காவது ஓரிடத்தில் கூடலாம், சராசரி கூடக்கூடாது.

மூன்றாவது, தடத்தின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போதும். சோதிக்கக் கருவி வேண்டாம். தண்ணீர்ப் போத்தலை நடுத்தடத்தில் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் இரண்டு எட்டுக்குள் வெளிப்பக்கம் இறங்கிவிட்டால் சரி. சக்கரம் போன பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் காலணியை நோக்கி வந்தால் அந்த இடத்தை வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, இறங்கும் தடம் அடிக்கடி ஓரிரு அடி மேலேறி மறுபடி இறங்க வேண்டும். அந்தச் சின்னப் பள்ளத்தில் தண்ணீர் வெளியேறிவிடும். ஓட்டுபவருக்கும் அந்த ஏற்ற இறக்கம்தான் சுகம். நம் மழைக்கு இவற்றை இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் சேறாகும் இடத்தில் கல் பதிக்கலாம், மரப்பலகைப் பாலம் போடலாம். கனமழைக்குப் பின் தடத்தை மூடும் அதிகாரமும் மையத்துக்கு வேண்டும். மூடிய நாளில் நாம் முணுமுணுக்காமல் திரும்பிப் போக வேண்டும். அதுதான் கஷ்டம்.

ஓடையைக் கடக்காமல் தடம் போட முடியுமா?

முடிந்தவரை கடக்காதீர்கள். கடந்தால் ஒரே இடத்தில், கரையைத் தொடாத பாலத்தில்.

சிங்கப்பூருக்கு மட்டுமே உரிய நன்னீர் நண்டு ஒன்று உண்டு. விரல்நுனி அகலத்தைவிடக் கொஞ்சம் பெரியது. 1986இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயரிட்டது. புக்கிட் தீமாப் பக்கத்துச் சில சிற்றோடைகளில் கற்களுக்கடியில் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. மேலேயிருந்து வரும் வண்டல் அந்தக் கற்களின் இடுக்கை அடைத்தால் அதற்கு வீடில்லை.

சட்டமும் இதே பக்கம்தான். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் குடிநீருக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி. மண்வேலை நடக்கும் இடத்திலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. கட்டுமான காலத்தில் அதைப் பேணுவது சுலபமல்ல. ஆகவே ஒரேயடியாக எட்டுக் கிலோமீட்டரையும் வெட்டித் திறந்துபோடாமல், ஐந்நூறு மீட்டர் வெட்டி, மூடி, புல் பிடித்த பிறகு அடுத்த ஐந்நூறு என்று போவது நல்லது. சைக்கிள் கழுவும் தண்ணீரும் நேராக ஓடைக்குப் போகக்கூடாது.

நடப்பவர்களும் சைக்கிளோட்டிகளும் ஒரே தடத்தில் போகலாமா?

அகலமான, பார்வை மறையாத இடத்தில் போகலாம். இறங்கும் தடத்தில் கூடாது. குடும்பத்தோடு நடக்கும் பாட்டி ஒருவர் மூலை திரும்பும்போது எதிரே சைக்கிள் பாய்ந்துவந்தால், அன்று அவர் பயந்ததுக்கு எத்தனை அறிவிப்புப் பலகையும் ஈடாகாது. செஸ்நட்டில் இரண்டையும் பிரித்தது இங்கே கிடைத்த நல்ல பாடம். பிரித்தாலும் சந்திக்கும் இடங்கள் இருக்கும். அவற்றுக்கு முன் சைக்கிள் தடத்தை ஏற்றமாக்கினால் வேகம் தானாகக் குறையும். கம்பி வேலியைவிட அது மேல்.

கடினமான தடமெல்லாம் எதற்கு? எளிதாக ஒன்று போட்டால் போதாதா?

போதாது. திருட்டுத் தடங்கள் முளைப்பதே அதனால்தான்.

திறமை கூடியவர்களுக்கு இருக்கும் தடம் சலித்துவிடும். ஒருவர் மண்வெட்டியோடு காட்டுக்குள் நுழைவார், ஒரு மாதத்தில் அது, ஓட்டிய தடங்களைப் பகிரும் ஸ்ட்ராவா செயலியில் பெயரோடு வந்துவிடும், பிறகு ஐம்பது பேர் போவார்கள். பூங்காக்கள், மரங்கள் சட்டப்படி அது குற்றம். அதைவிட முக்கியமாக, அந்தத் தடம் எந்த ஆய்வும் இல்லாமல் சரியாக விலங்கு வழியின் மீதே போய்விடக்கூடும். தற்காப்பு அமைச்சின் பயிற்சி நிலத்துக்குள் நுழைபவர்களும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஒரு சுற்று எளிதாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று நிஜமாகவே பயமுறுத்துவதாக இருக்க வேண்டும். கெத்தாமில் நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று குறித்திருக்கிறார்கள். கடினத்தை இயற்கைச் சரிவில் தேடாமல் பாறை அடுக்கு, தாவுமேடு, உயர்த்திய வளைவு என்று கட்டியே உருவாக்கலாம். அதற்கு நிலம் குறைவாகவே போதும்.

உபின் போன்ற இடத்தில் ஊர்க்காரர்களும் கோயில்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், அவர்கள்தான் முதலில். நிலத்தை "சும்மா கிடக்கு" என்று சொல்பவர் அங்கே குடியிருந்தவரைக் கேட்டிருக்க மாட்டார். கெத்தாம் பகுதியிலேயே ஜெர்மன் பெண் ஆலயம் இருக்கிறது, இன்றும் ஆட்கள் வந்து கும்பிட்டுப் போகிறார்கள். தாம்சன் இயற்கைப் பூங்காவில் பழைய ஹைனான் கிராமத்து வீடுகளின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இப்படிப்பட்ட இடங்களைத் தாவுமேட்டுக்கு அலங்காரமாக்கக்கூடாது. விலகிப் போக வேண்டும். கம்பத்தில், அதாவது பழைய கிராமத்தில், வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால் எந்த ஓடை எந்த மாதத்தில் பெருகும் என்பதுவரை சொல்வார்கள். வரைபடத்தில் அது இருக்காது.

உபினில் வைக்கோல்நிறத் தலையுடைய புல்புல் இன்னும் பாடுகிறது. கூண்டு வியாபாரத்துக்காகப் பிடிக்கப்பட்டு உலகில் பல இடங்களில் அருகிவிட்ட பறவை. அதையும் ஊர்க்காரராகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் அனுமதி கேட்பது?

நிலத்தைப் பொறுத்தது. இயற்கைப் பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம், வேறு அரசு நிலம் என்றால் சிங்கப்பூர் நில ஆணையம், பயன்பாட்டை மாற்ற நகர மறுசீரமைப்பு ஆணையம், தண்ணீருக்குப் பொதுப் பயனீட்டுக் கழகம். உணர்வுமிக்க இயற்கைப் பகுதி என்றால் உயிர்ப்பன்மய மதிப்பீடும் வேண்டும். 2021இல் கிராஞ்சியில் அந்த மதிப்பீடு முடியும் முன்பே ஒரு வனத்துண்டு வெட்டப்பட்டது பெரிய சர்ச்சையானது. மதிப்பீட்டைச் சடங்காகப் பார்க்கும் காலம் போய்விட்டது. மறுபக்கம், மக்கள் முன்வைத்த ஆதாரங்களுக்குப் பின் உபினின் செக் ஜாவா கடலோரத்தைத் தூர்க்கும் திட்டத்தை 2001இல் ஒத்திவைத்ததும் இதே நாட்டில்தான்.

இரவில் திறந்து வைக்கலாமே? வெயிலுக்கு இதமாக இருக்குமே?

வேண்டாம். எறும்பு தின்னும் அழுங்கு வெளியே வருவதே இரவில்தான். செஸ்நட்டும் புக்கிட் தீமாவும் காலை 7 முதல் மாலை 7 வரைதான். அதுவே இங்கும் இருக்கட்டும்.

சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது?

பெரும்பாலான திட்டங்களில் கடைசிப் பக்கத்தில் வரும் விஷயம். முதல் பக்கத்துக்கு வர வேண்டும். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் மடித்து 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் அடங்கும் சைக்கிளை மட்டுமே ஏற்றலாம். மலைச் சைக்கிள் அடங்காது. எனவே பூங்கா இணைப்புப் பாதையிலிருந்து நேராக நுழையும்படி மையம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் உள்ளவருக்கு மட்டுமான விளையாட்டாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சாலையோரமெல்லாம் கார் நிற்கும், பண்ணை லாரிகள் போக வழியிருக்காது. வாடகைக்கு நல்ல சைக்கிள் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

காபிக்கடை, கடைத்தொகுதி எல்லாம் வைத்து வருமானம் பார்க்கலாமா?

ஆசைப்படலாம். முன்னோடியான கோயிட் இ பிரெனினிலேயே வருகையாளர் மையத்தின் கடையும் உணவகமும் செலவைக் காரணம் காட்டி 2025இல் மூடப்பட்டன. தடங்கள் மட்டும் தொடர்ந்தன. இங்கே நிலமும் நிரந்தரமல்ல. 2010 இளையர் ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் போட்டி நடந்த தெம்பனிஸ் பைக் பூங்கா 2014இல் வீடமைப்புக்காக மூடப்பட்டது. ஆகவே கட்டடத்தில் காசைப் போடாதீர்கள். கழிப்பறை, குழாய், நிழல், முதலுதவிப் பெட்டி. தோசை வேண்டுமானால் பக்கத்து உணவங்காடியில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

பராமரிப்பை யார் பார்ப்பது?

கட்டும் பணத்தைக் கேட்கும்போதே பராமரிக்கும் பணத்தையும் கேளுங்கள். மிச்சத்தைத் தொண்டூழியர்கள் பார்க்கலாம், ஆனால் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதலோடும் பயிற்சியோடும் மட்டுமே. அதிகம் தேவைப்படும் வேலை ஒன்றுதான்: தண்ணீர் வெளியேறும் வாய்களில் சேரும் இலையையும் மண்ணையும் வாரிக் கொட்டுவது. படமெடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது, அதனால் ஆள் குறைவாகவே வருவார்கள். நவம்பர் கடைசிக்குள், பருவமழை இறங்குவதற்கு முன், எல்லா வாய்களையும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டால் ஜனவரியில் செய்ய வேண்டிய பெரிய பழுதுகளில் பாதி இருக்காது.